ஏரிக்கரையில் யாருக்கு ஓய்வு?

புனேயில் மழை ஓய்ந்து அக்டோபர் பிறந்தால் போதும், நம் தமிழ்க் குடும்பங்களின் ரங்கமணிகளுக்கு ஒரு வாக்கியம் வாயில் வந்து உட்கார்ந்துவிடும். "பழைய ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சேர்ந்து லேக் பக்கம் ஒரு பங்களா எடுத்து, ரெண்டு நாள் ரிலாக்ஸ் பண்ணிட்டு வரலாமா?" மும்பையில் இருப்பவர்கள் வீட்டிலும் இதே வாக்கியம்தான். பெங்களூர், ஹைதராபாத் என்றால் ஊர்ப் பெயரும் தண்ணீரின் பெயரும் மாறும், வாக்கியம் மாறாது.

கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள். முல்ஷி, பவ்னா, பான்ஷேத், வரஸ்காவ் என்று புனேயைச் சுற்றித் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. எல்லாம் ஒன்றரை, இரண்டு மணி நேர கார் பயணம். மலை, மேகம், பச்சை, கரையில் நாற்காலி. யார் வேண்டாம் என்று சொல்லப் போகிறார்கள்?

நான் சொல்கிறேன். ஏரி மேல் எனக்குக் கோபம் இல்லை. ரங்கமணியின் நண்பர்கள் மேலும் கோபம் இல்லை, நல்ல மனிதர்கள். ஆத்திர அவசரத்துக்கு ராத்திரி ஒரு மணிக்குக் கூப்பிட்டாலும் வருவார்கள். என் சண்டை அந்த வாக்கியத்தோடு. அதில் "ரெண்டு நாள்" பொய். "ரிலாக்ஸ்" பாதிப் பேருக்குப் பொய். "பழைய ஃப்ரெண்ட்ஸ்" என்பதில் யாருடைய ஃப்ரெண்ட்ஸ் என்பது மறைக்கப்பட்டிருக்கிறது. "லேக்" என்பதும் லேக் இல்லை. ஒவ்வொன்றாக வருகிறேன்.

முதலில் "ரெண்டு நாள்".

ஆண்களுக்கு இது சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொடங்கி ஞாயிறு சாயங்காலம் முடிகிறது. சரி. பெண்களுக்கு இது வியாழக்கிழமை உளுந்து ஊறப் போடும்போதே தொடங்கிவிடுகிறது. புனே குளிரில் மாவு லேசில் பொங்காது, ஒரு நாள் முன்னாடியே அரைத்தால்தான் உண்டு. அப்புறம் புளிக்காய்ச்சல். பருப்புப்பொடி, இட்லி மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய் தனி பாட்டிலில். ஃபில்டர் காபி இல்லாவிட்டால் நம் ஆட்களுக்குத் தலைவலி வந்துவிடும், அதனால் ஃபில்டரும் காபிப்பொடியும். பங்களாவில் இருக்கும் குக்கருக்கு கேஸ்கட் இருக்காது, அதனால் நம் குக்கர். இட்லித் தட்டு. கறிவேப்பிலை. பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர், காய்ச்சல் மருந்து, கொசுவுக்கு ஓடோமாஸ், பெரியவனுக்கு ஒத்துக்கொள்ளாததற்கு ஒரு மாத்திரை, சின்னவளுக்கு ஒத்துக்கொள்ளாததற்கு இன்னொன்று.

ரங்கமணியின் மூட்டையில் என்ன இருக்கிறது? ஷார்ட்ஸ் இரண்டு, சீட்டுக்கட்டு ஒன்று, ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்று. ஐஸ் பெட்டி ஒன்று தனியாக, அதை மட்டும் பிள்ளைக்குட்டி மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வருவார்.

ஞாயிறு ராத்திரி திரும்பி வந்தால், ஈரத் துண்டும் செம்மண் ஒட்டிய செருப்பும் எண்ணெய்ப் பிசுக்கு டப்பாக்களும் அடுக்களை வாசலில் குவிந்து கிடக்கும். திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூட டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும், ஒன்பதரை மணிக்கு ஆபீஸ் கால். கடைசி மூட்டைத் துணி மெஷினிலிருந்து வெளியே வர செவ்வாய் ஆகிவிடும். வியாழன் முதல் செவ்வாய் வரை எண்ணிப் பாருங்கள். ஆறு நாள். இதற்குப் பெயர் ரெண்டு நாளாம்!

அடுத்தது "ரிலாக்ஸ்".

நாலு குடும்பம், பெரியவர் எட்டு, சிறுசுகள் ஆறு என்று வைத்துக்கொள்வோம். பதினாலு பேரும் ஒரே நேரத்தில் எழுந்திருக்க மாட்டார்கள். அதனால் காபி நாலு தவணை. இட்லி ஈடு ஈடாக வேகிறது. முதல் ஈடு பிள்ளைகளுக்கு, அடுத்தது சீட்டாடுகிறவர்களுக்கு. கடைசி ஈட்டை அடுக்களையில் நின்றுகொண்டே தின்கிறவர்கள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. "சிஸ்டர், கொஞ்சம் ஊறுகாய் இருக்கா?" என்று வரும் குரலில் மரியாதைக்குக் குறைவே இல்லை. ஊறுகாய் பாட்டில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்க்கத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை.

"அதெல்லாம் அந்தக் காலம், இப்ப நாங்கதான் பார்பிக்யூ போடுறோம்" என்று ஒரு பதில் வரும். ஆமாம், போடுகிறார்கள். கரி அடுப்பு முன்னால் ஒன்றரை மணி நேரம், கையில் இடுக்கி, ஏப்ரன் கூட. ஃபோட்டோ வேறு. கோழியைக் கழுவி, மஞ்சள் தடவி, தயிரில் ஊறப் போட்டு, வெங்காயம் குடைமிளகாய் சதுரமாக நறுக்கி, கம்பியில் கோத்துத் தட்டில் அடுக்கிக் கொடுத்தது உள்ளே நடந்தது. அதற்கு ஃபோட்டோ இல்லை. மறுநாள் அந்தக் கம்பிகளைத் தேய்த்ததற்கும் இல்லை.

இது ஏதோ என் வீட்டுப் புலம்பல் என்று நினைப்பவர்களுக்காகக் கொஞ்சம் கணக்கு. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-ல் ஒரு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. ஒரு நாளின் 24 மணி நேரத்தை யார் எதற்குச் செலவழிக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டார்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவழிக்கிறாள். ஆண் 97 நிமிடம். இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இந்த 97 நிமிடம், வீட்டு வேலையைத் தொடுகிற ஆண்களின் சராசரி. அன்றைய தினம் தொட்டவர்களே நூற்றுக்கு 26 பேர்தான். பெண்களில் 81 பேர்.

2024-ல் மறுபடி அதே கணக்கெடுப்பு. பெண் 289 நிமிடம், ஆண் 88 நிமிடம். ஐந்து வருடத்தில் பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறதே என்று சந்தோஷப்படலாமா என்றால், ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. ஆக, அந்தப் பத்து நிமிடத்துக்கு நன்றி சொல்ல வேண்டியது வாஷிங் மெஷினுக்கும் மிக்ஸிக்கும். ரங்கமணிக்கு இல்லை.

வீட்டில் இப்படி என்றால் ஏரிக்கரையில் வேறு எப்படி இருக்கும்? நாம் பங்களாவுக்கு எடுத்துக்கொண்டு போவது குக்கரை மட்டுமல்ல, இந்த 289-ஐயும் 88-ஐயும் சேர்த்துத்தான்.

வேலையாவது கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாத ஒன்று இருக்கிறது, காவல். தண்ணீர்க் கரையில் ஆறு பிள்ளைகள், உள்ளே போன பாட்டில் ஆறு. சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு மாப்பிள்ளைக்குச் சட்டையைக் கழற்றிவிட்டு நீந்த வேண்டும் என்று ஆசை வரும். "மாப்ள, நாமெல்லாம் காவேரியில குதிச்சவனுங்கடா!" காவேரியில் குதித்தபோது வயது பதினெட்டு, இப்போது நாற்பத்தி நாலு, சர்க்கரை, தொப்பை. அணை நீர்த்தேக்கம் நம்மூர்க் குளம் மாதிரி படிப்படியாக ஆழமாகாது. பள்ளத்தாக்கில் தேங்கிய தண்ணீர் அது. இரண்டு அடி வைத்தால் முழங்கால், மூன்றாவது அடியில் ஆள் மட்டம். அடியில் சேறு, பழைய கல் சுவர், மரக்கட்டை எதுவும் இருக்கலாம். 2024 ஜூன் 30 அன்று லோனாவாலாவில் பூஷி அணைப் பக்கம் அருவியில் திடீர் வெள்ளம் வந்து, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 5 பேரை அடித்துக்கொண்டு போனது. பாவம், அவர்கள் குடிக்கவும் இல்லை, குதிக்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து தண்ணீரில் நின்றவர்கள்தான். நிதானத்தோடு நின்றவர்களுக்கே அந்தக் கதி என்றால், நிதானம் இல்லாமல் இறங்குகிறவர்களை என்ன சொல்ல?

அதனால் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்த்து "பாரு, உனக்கும் ரெஸ்ட்தானே" என்று சொல்லாதீர்கள். அவள் கண் சும்மா இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து, ஆறாவது எங்கே என்று எண்ணிக்கொண்டே இருக்கிறாள். ஆறோடு சேர்த்து ஏழாவதாக உங்களையும் எண்ணுகிறாள். இதற்குப் பெயர் ஓய்வு இல்லை, வாட்ச்மேன் வேலை. வாட்ச்மேனுக்காவது எட்டு மணி நேரத்தில் ஷிஃப்ட் மாறும்.

இப்போது முக்கியமானதுக்கு வருகிறேன். "பழைய ஃப்ரெண்ட்ஸ்".

யாருடைய பழைய ஃப்ரெண்ட்ஸ்?

உங்கள் வீட்டில் நடந்த இப்படிப்பட்ட பயணங்களை விரல் விட்டு எண்ணுங்கள். ரங்கமணியின் காலேஜ் செட். ரங்கமணியின் முதல் கம்பெனி பேட்ச். ரங்கமணியின் ஹாஸ்டல் ரூம்மேட் அமெரிக்காவிலிருந்து வந்தபோது ஒரு ஸ்பெஷல். அதில் ஒன்றாவது உங்கள் பழைய தோழிகளுக்காகப் போட்டதா? நீங்கள் கூப்பிட்டு, உங்கள் தோழிகள் அவரவர் கணவர்களை இழுத்துக்கொண்டு வந்தார்களா? நான் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் கேட்டுக்கொண்டு வருகிறேன். பெரும்பாலும் பதில் ஒரு சிரிப்புதான். "என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இப்ப எங்க இருக்காளுங்களோ!"

எங்கே போனார்கள்? அதற்கும் கணக்கு இருக்கிறது. 2020-21-ல் எடுத்த மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில், இடம் பெயர்ந்தவர்களிடம் ஏன் ஊரை விட்டு வந்தீர்கள் என்று கேட்டார்கள். இடம் பெயர்ந்த பெண்களில் நூற்றுக்கு 86.8 பேர் சொன்ன காரணம் திருமணம். ஆண் ஊரை விட்டால் வேலைக்கு, படிப்புக்கு, குடும்பத்தோடு என்று பல காரணம். பெண்ணுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம். அவன் எங்கே போகிறானோ அங்கே இவள். திருச்சியில் ஒரே ஹாஸ்டல் அறையில் இருந்த நாலு பெண்களில் ஒருத்தி நொய்டா, ஒருத்தி மஸ்கட், ஒருத்தி திண்டுக்கல், ஒருத்தி புனே. நாலு ஆண்களும் ஊரைப் பார்த்து ஊர் போனவர்கள்தான். ஆனால் அவர்களை ஒருவருக்கொருவர் தொலைக்க விடாத ஒன்று இருக்கிறது. அதை நாம் கவனிப்பதே இல்லை.

பெயர்.

ஆணின் பெயரும் இனிஷியலும் பிறந்ததிலிருந்து கடைசி வரை ஒன்றுதான். ஃபேஸ்புக்கில் தட்டினால் வந்து விழுவான். நம் பெண்களுக்கு அப்பாவின் இனிஷியல் போய் வீட்டுக்காரர் இனிஷியல் வந்துவிடுகிறது. வடக்கே வந்துவிட்டால் ஃபாரத்தில் சர்நேம் கேட்கிறார்கள் என்று அவர் பெயரே பின்னால் ஒட்டிக்கொள்கிறது. ஃபோட்டோ போடும் இடத்தில் பிள்ளையின் ஃபோட்டோ, இல்லாவிட்டால் பிள்ளையார். சிம் கார்டு ஊருக்கு ஊர் மாறியிருக்கிறது. அவளை எப்படித் தேடுவது? என் ஹாஸ்டல் தோழி ஒருத்தியைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. கடைசியில் அவள் பெயரில் கிடைக்கவில்லை. அவள் தம்பி பெயரில் தேடித்தான் கிடைத்தாள்! தம்பிக்கு இனிஷியல் மாறவில்லையே.

"ஏன், எங்க ஃப்ரெண்ட்ஸோட வைஃப் எல்லாம் உனக்கு ஃப்ரெண்ட்ஸ்தானே?" என்பார்கள். இல்லை என்று சொல்லவில்லை. நல்ல தோழமைதான். பிரசவத்துக்கு ரசம் வைத்துக் கொடுத்தவர்கள், மாமனார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது என் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்கள். அந்தக் கடனை மறக்க மாட்டேன். ஆனால் அவர்கள் எல்லோரும் என்னை முதல் நாளே "இன்னாரோட வைஃப்" என்று பார்த்தவர்கள். பேச்சு எங்கே சுற்றினாலும் ஸ்கூல் ஃபீஸ், வேலைக்கு வரும் பாய், ஃப்ளாட் மெயின்டனன்ஸ் என்று வந்து நிற்கிறது. பத்தொன்பது வயதில் நான் யார் என்று அங்கே ஒருத்திக்கும் தெரியாது. அவர்கள் யார் என்று எனக்கும் தெரியாது. அவர்களுக்கும் எங்கேயோ தொலைந்துபோன தோழிகள் இருக்கிறார்கள்.

இது சின்ன விஷயமா? ஆண்கள் சிரிக்கும் சிரிப்பைக் கேட்டுப் பாருங்கள். அந்த ஏரிக்கரையில் ராத்திரி பத்து மணிக்கு, மெஸ் சாம்பாரில் பல்லி விழுந்த கதையை நூறாவது முறை சொல்லி, முதல் முறை மாதிரி சிரிக்கிறார்கள். பழைய நண்பன் முன்னால் ஒரு மனிதனுக்கு மேனேஜர் பதவி கிடையாது, ஈஎம்ஐ கிடையாது, அப்பா என்ற பொறுப்பு கூட இரண்டு மணி நேரத்துக்குக் கிடையாது. பழையபடி அவனாக மட்டும் இருக்கிறான். அதுதான் உண்மையான ஓய்வு. அது அவர்களுக்குக் கிடைப்பதில் எனக்குப் பொறாமை இல்லை. அந்த ஓய்வு பெண்ணுக்கும் தேவை என்று யாருக்கும் தோன்றாததுதான் வயிற்றெரிச்சல். நற நற.

கடைசியாக "லேக்".

சாந்தனி சௌக் தாண்டி, பிரங்குட், பௌட் வழியாகப் போய் நாம் இறங்கும் முல்ஷி, லேக் இல்லை. மும்பைக்கு மின்சாரம் எடுக்க டாடா கம்பெனி கட்டிய அணையின் தண்ணீர். கிழக்கே ஓட வேண்டிய முளா ஆற்றை மறித்து, மேற்கே கொங்கணத்துப் பக்கம் பீராவில் இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். பீரா மின்நிலையம் ஓட ஆரம்பித்தது 1927-ல். அதற்காக நெல் விளைந்த பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 50 கிராமங்கள் மூழ்கின. சும்மா மூழ்கவில்லை. 1921 ஏப்ரலில், ராம நவமி அன்று விவசாயிகள் அணை வேலை நடந்த இடத்தில் போய் உட்கார்ந்து சத்தியாகிரகம் தொடங்கினார்கள். பெண்களும் வந்தார்கள், ஜெயிலுக்கும் போனார்கள். மூன்று வருடம் போராடியும் தோற்றார்கள். முன்னால் நின்றவர் பாண்டுரங்க மகாதேவ பாபட். சேனாபதி என்ற பெயர் அவருக்கு இந்தப் போராட்டத்தில் வந்ததுதான். நாம் தினமும் ட்ராஃபிக்கில் மாட்டிக்கொண்டு திட்டும் எஸ்.பி. ரோடு, அந்த சேனாபதி பாபட் ரோடு. அவ்வளவு ஏன், நம்மில் பாதிப் பேருக்குச் சோறு போடும் ஹிஞ்சவாடியே முல்ஷி தாலுகாதான்.

பவ்னாவும் அப்படித்தான், அதுவும் அணை. அங்கிருந்து பிம்ப்ரி-சிஞ்ச்வட்டுக்குக் குழாய் போடுவதை எதிர்த்து 2011 ஆகஸ்ட் 9 அன்று மாவள் விவசாயிகள் எக்ஸ்பிரஸ்வேயை மறித்தார்கள். போலீஸ் சுட்டதில் 3 பேர் செத்தார்கள். ஒருவர் பெண்.

இதை எதற்கு இங்கே சொல்கிறேன்? "சமைக்கக் கஷ்டமா இருந்தா கேர்டேக்கர்கிட்ட சொல்லிடலாமே" என்று சுலபமாக ஒரு வழி சொல்கிறார்களே, அதற்காக. கேர்டேக்கர் என்று போர்டில் இருப்பது ஆண் பெயர். சமைப்பது அவர் மனைவி, நாம் மாவ்ஷி என்று கூப்பிடும் பெண். பிட்லாவும் பாக்ரியும் தேச்சாவும் அவள் கையால்தான். பதினாலு பேருக்கு, விறகடுப்பில், சூடாக, ஒவ்வொன்றாகத் தட்டி. ராத்திரி பன்னிரண்டரைக்கு "மாவ்ஷி, நாலு ஆம்லெட்" என்று எழுப்புவதும் அவளைத்தான். அவள் பிறந்த ஊரோ புகுந்த ஊரோ அந்தத் தண்ணீருக்கு அடியில் இருந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. என் கரண்டியைப் பிடுங்கி அவள் கையில் கொடுத்துவிட்டு "பாரு, பெண்களுக்கு ரெஸ்ட் கொடுத்துட்டோம்" என்றால் என்ன நியாயம்? ஒரு பெண்ணின் வேலை இன்னொரு பெண்ணிடம் போயிருக்கிறது, சீட்டாட்டம் நடந்த இடத்தில் அப்படியே நடக்கிறது.

மாவ்ஷி சமைக்கட்டும், அது அவள் வருமானம். ஆனால் அவளுக்கு என்று தனியாகக் கூலி பேசி அவள் கையில் கொடுங்கள். முதலாளி கணக்கில் சேர்ந்து காணாமல் போக வேண்டாம். ராத்திரி ஒன்பதரைக்கு அடுப்பு அணைந்துவிட வேண்டும்.

இனி வழக்கமான இரண்டு பதில்கள்.

"நாங்க ஹெல்ப் பண்ணத்தான் செய்றோம்." அந்த ஹெல்ப் என்ற வார்த்தையிலேயே வேலை யாருடையது என்று எழுதி ஒட்டியிருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு நீங்கள் சோறு ஊட்டினால் அது யாருக்கு ஹெல்ப்?

"அவளேதான் இழுத்துப் போட்டுக்கிட்டு செய்யறா, யாரும் சொல்லல." நாலு குடும்பம் கூடும் இடத்தில் ஒரு பெண் மட்டும் நாற்காலியில் சாய்ந்து புத்தகம் படித்தால், திரும்பி வரும் வழியில் மூன்று கார்களிலும் அவளைப் பற்றித்தான் பேச்சு ஓடும். பேசுகிறவர்களில் பெண்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆண் சாய்ந்து உட்கார்ந்ததற்கு யாரும் எந்தக் காரிலும் பேசியதில்லை.

வேறு மாதிரி செய்ய முடியுமா என்றால், முடியும். போன பிப்ரவரியில் செய்தோம். அந்தத் தம்பி பெயரில் அகப்பட்ட தோழியும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். பவ்னா கரையில் ஒரு வீடு. நாலு ரங்கமணிகளும் "இன்னாரோட ஹஸ்பெண்ட்" என்ற பதவியில் மட்டும் வந்தார்கள். முதல் ஒரு மணி நேரம் அவர்கள் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே! ஒருவருக்கு ஒருவரைத் தெரியாது. "சார் எந்த கம்பெனி?" என்று ஆரம்பித்து, கிரிக்கெட் வந்து, அதுவும் தீர்ந்து, கடைசியில் பேச ஒன்றுமில்லாமல் அடுக்களைக்குப் போய் வெங்காயம் உரிக்க ஆரம்பித்தார்கள் :-) பிள்ளைகளையும் முறை போட்டு அவர்களே பார்த்துக்கொண்டார்கள். வீட்டிலிருந்து ஒரு டப்பா கூடக் கொண்டு போகவில்லை. யாரும் பட்டினி கிடக்கவும் இல்லை.

நாங்கள் நாலு பேரும் கரையில் இருந்தோம். என்ன பேசினோம் என்று கேட்டால் உருப்படியாக ஒன்றும் இல்லை. வார்டனுக்குப் பயந்து மாடிப்படியில் ஒளிந்தது, த்ரோபால் மேட்சில் நான் கையை உடைத்துக்கொண்டது, அந்தக் கையோடு பரீட்சை எழுதியது. ராத்திரி ரங்கமணி என்னிடம் கேட்டார், "நீ இவ்ளோ சத்தமா சிரிப்பியா?" கல்யாணமாகிப் பதினேழு வருடம். கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியாது. த்ரோபால் விஷயமும் அன்றுதான் தெரியுமாம்.

அதனால் நான் கேட்பது ஒன்றும் பெரிய புரட்சி இல்லை. ஐந்தே விஷயம்.

ஒன்று, அவர் நண்பர்களோடு ஒரு முறை போனால் அடுத்த முறை உங்கள் தோழிகளோடு. அது வரைக்கும் அவர் செட்டுக்கு அடுத்த தேதி கிடையாது.

இரண்டு, வீட்டிலிருந்து மாவு, புளிக்காய்ச்சல், குக்கர் எதுவும் வராது. ரெண்டு நாள் பாக்ரி தின்றால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. காபி வேண்டும் என்பவர் ஃபில்டரைத் தன் பையில் எடுத்து வைத்து, தானே கலந்து குடிக்கட்டும்.

மூன்று, பிள்ளைகளைப் பார்ப்பதற்கு மணிக்கணக்கு முறை. முறையில் இருப்பவர் கையில் போன் இருக்கக் கூடாது, கிளாஸும் இருக்கக் கூடாது.

நாலு, குடித்தவர் தண்ணீரில் இறங்கக் கூடாது. கெஞ்சல் கிடையாது, "சிஸ்டர் ஒரு அஞ்சு நிமிஷம்" கிடையாது.

ஐந்து, ராத்திரி பத்து மணிக்கு ஸ்பீக்கர் அணைய வேண்டும். 2000-ம் ஆண்டு இரைச்சல் விதிகளே பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்றுதான் சொல்கின்றன. தண்ணீர் மேல் சத்தம் வெகு தூரம் போகும். எதிர்க்கரை ஊரில் விடிந்தால் வயலுக்குப் போகிறவர்கள் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

தங்கமணிகளே, அடுத்த தடவை வீட்டில் அந்த வாக்கியம் வரும்போது சண்டை போடாதீர்கள், முகத்தையும் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். "யாரோட ஃப்ரெண்ட்ஸ்ங்க?" என்று மட்டும் கேளுங்கள். அவர் யோசித்துக்கொண்டிருக்கட்டும். அந்த நேரத்தில் தொலைந்துபோன ஒருத்தியைத் தேட ஆரம்பியுங்கள். அவள் பெயரில் கிடைக்காவிட்டால் அவள் தம்பி பெயரில் தேடுங்கள். கிடைத்துவிட்டால் முதல் வேலையாக ஒரு தேதி குறியுங்கள். மாவு அரைக்க வேண்டாம்.